தாத்தாவின் ஷேவிங் பிரஷ்: மஞ்சளுக்கு அடியில் இருந்த வெள்ளை

காவேரிப்பட்டணத்தில் எங்கள் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்காகப் பரணைக் காலி செய்தோம். அப்போதுதான் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கீழே இறங்கியது. உள்ளே ஒரு அளவு டேப், இரண்டு சாவிக்கொத்து, தேய்ந்துபோன படிகாரக் கட்டி, ஓரம் நசுங்கிய அலுமினியக் கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்குள் இந்த ஷேவிங் பிரஷ் இருந்தது. 1950-களில் கிருஷ்ணகிரி பக்கத்தில் கே.ஆர்.பி. அணை கட்டும் வேலை நடந்தபோது தாத்தா அங்கே ஸ்டோரில் கணக்கு எழுதினார். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் முகம் மழிக்காமல் சைக்கிளில் கால் வைக்கமாட்டார் என்று அப்பா சொல்வார்.

பிரஷ்ஷில் முடி பாதிக்கு மேல் கொட்டிப் போயிருந்தது. மிச்சம் இருந்ததும் காய்ந்த துடைப்பம் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஆனால் கைப்பிடி அப்படியே இருந்தது. தேன் நிறம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, இடுப்பு ஒடுங்கி, அடி அகன்று, சின்னக் குத்துவிளக்குத் தண்டு மாதிரி. கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் பளபளப்பு போய் லேசான பள்ளம் விழுந்திருந்தது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. இதைச் சரிசெய்து திரும்பப் பயன்படுத்தவேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

நான் மோட்டார் காயில் கட்டும் வேலை பார்க்கிறவன். கைக்கு வேலை புதிதல்ல, ஆனால் ஷேவிங் பிரஷ் இதுவே முதல் தடவை. முழுதாக மூன்று வாரம் ஆனது. அதில் பாதி நாள் யோசனையில்தான் போனது.

முதல் யோசனை பழைய முடியைப் பற்றி. பிரஷ்ஷின் அடியில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு அழுத்தி எழுதிய ஆங்கில எழுத்துகள் இருந்தன. சாய்வாக டார்ச் அடித்துப் படித்தேன்: ‘ஸ்டெரிலைஸ்டு’, அதற்குக் கீழே ‘இங்கிலாந்து’. கம்பெனிப் பெயர் இருந்த இடம் தேய்ந்துவிட்டது. ஒரு ஷேவிங் பிரஷ்ஷில் எதற்காக ‘கிருமி நீக்கப்பட்டது’ என்று எழுதவேண்டும்? தேடிப் படித்தபோதுதான் அதன் பின்னால் இருந்த கதை தெரிந்தது.

முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்கு முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் புண் வந்தது. நம் ஊரில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய்தான் அது. காரணம் ஷேவிங் பிரஷ். நல்ல பிரஷ்கள் பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்யப்பட்டவை. போரால் அந்த வரத்து தடைபட்டதும், ஆசியாவிலிருந்து போன குதிரை முடிக்குச் சாயம் போட்டு பேட்ஜர் மாதிரி ஆக்கி விற்றார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத முடியில் நோய் வித்துகள் இருந்தன. மழிக்கும்போது விழும் சின்னக் கீறல் போதும், உள்ளே நுழைய. அதற்குப் பிறகுதான் சுத்தம் செய்த முடி என்று காட்டும் முத்திரை குத்தும் வழக்கம் பரவியது.

என் கையில் இருந்தது முத்திரை குத்திய பிரஷ். முடியும் பன்றி முடிதான், நுனி இரண்டாகப் பிளந்திருந்ததை வைத்துச் சொல்லலாம். தாத்தா எத்தனையோ வருடம் இதைக் கொண்டு மழித்திருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பழைய முடியை வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன். அடைப்பான் வித்து சாதாரணக் கொதிநீருக்கு லேசில் சாகாது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற மாதிரி அழுத்த நீராவியில் 121 டிகிரி வரை போகவேண்டும். அந்தச் சூட்டை இந்தக் கைப்பிடிக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. சந்தையில் பழைய பிரஷ் வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: முடி போகட்டும், கைப்பிடி போதும்.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, முடியை முதலில் நன்றாக நனைத்தேன். நனைத்தால் துணுக்கு பறக்காது. கத்தரியால் அடியோடு வெட்டி, ஈரத்தோடு காகிதத்தில் மடித்து, வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். பிறகு கைப்பிடியை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். இடுப்பு ஒடுங்கிய இடத்தில் படிந்திருந்த சோப்பு உப்பு போகவில்லை. வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்ததும் இளகி வந்துவிட்டது.

அடுத்த கேள்வி, இது என்ன பொருள்? சிலர் ஊசியைக் காய்ச்சி ஓர் ஓரத்தில் குத்திப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம். பழைய கைப்பிடி செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். நான் செய்தது வெந்நீர்ச் சோதனை. குழாயடியில் கைபொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான நீரில் அரை நிமிடம் காட்டி, மூக்கருகே கொண்டுபோனேன். பினாயில் வாடை, அதோடு பள்ளிக்கூட லேபில் பாட்டிலுக்குள் தவளை மிதக்குமே, அந்த ஃபார்மலின் வாடை. அப்படியானால் ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பேக்கலைட் குடும்பம். வெள்ளைத் துணியில் உலோகப் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து அடிப்பக்கம் தேய்த்தேன். துணியில் மஞ்சள் ஏறியது. இது அந்தக் குடும்பத்துக்கு உரிய அடையாளம்.

பேக்கலைட் என்றால் நமக்குப் பழைய சுவிட்சும் கறுப்பு டெலிபோனும்தான் ஞாபகம் வரும். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லாண்ட் 1907-ல் கண்டுபிடித்த பொருள் அது. மரத்தூள் மாதிரி எதையாவது கலந்து, அழுத்தி வார்ப்பார்கள். அதனால் கறுப்பும் பழுப்பும்தான் வரும். 1927-ல் அந்தக் காப்புரிமை முடிந்த பிறகு, எதையும் கலக்காமல் அச்சில் ஊற்றி மெல்ல வேகவைத்து எடுக்கும் வகை பரவலாக வந்தது. அதற்குக் கேட்டலின் என்று பெயர். அதில் வெள்ளை, பச்சை, சிவப்பு என்று எந்த நிறமும் கிடைத்தது. கட்டியாக வார்த்து, மரம் கடைவது மாதிரி கடைந்து எடுப்பார்கள். என் கையில் இருந்தது இந்த வகை. கடைசல் உளி சுற்றிய மெல்லிய வளையக் கோடுகள் அடிப்பக்கம் இன்னும் தெரிந்தன.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தேய்க்கும்போது வரும் தூளைச் சுவாசிக்கக் கூடாது. கறுப்பு, பழுப்பு பேக்கலைட் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ்கூடக் கலந்திருப்பார்கள். அதனால் உப்புத்தாளைக் காய்ந்த நிலையில் போடாமல், தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பரை மட்டுமே பயன்படுத்தினேன். கசடைத் துணியில் துடைத்து எடுத்தேன்.

அடிப்பக்கம் சற்றுக் கோணலாகத் தேய்ந்திருந்தது, மேசையில் வைத்தால் ஆடியது. கண்ணாடித் துண்டின்மேல் 600 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டு, எழுத்து இருந்த நடுக்குழியில் படாமல் விளிம்பை மட்டும் வட்டமாகத் தேய்த்தேன். இருபது சுற்று இருக்கும். திருப்பிப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேன் நிறத்துக்கு அடியில் வெள்ளை. யானைத் தந்தம் மாதிரி கனமான, சுத்தமான வெள்ளை. மஞ்சள் என்பது மேலே ஒரு தோல், அவ்வளவுதான். நகக்கண் அளவு தடிமன்கூட இல்லை. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு இந்தப் பொருளின் மேல்புறம் வருடக்கணக்கில் மஞ்சளாகிவிடுகிறது.

அப்படியென்றால் தாத்தா வாங்கியபோது இது மஞ்சளாகவே இருந்திருக்காது.

அப்பாவிடம் காட்டினேன். “அதெல்லாம் இல்லடா, எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து இது மஞ்சள்தான்” என்றார். அவர் 1958-ல் பிறந்தவர். அத்தை அவரைவிடப் பத்து வயது பெரியவர், பாலக்கோட்டில் இருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது பிரஷ்ஷைக் கையில் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தவர் அடிப்பக்கம் வந்ததும் நிறுத்தினார். “இது, இதேதான் கண்ணு. தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையா இருக்கும். திண்ணையில கண்ணாடிய சாய்ச்சு வெச்சுக்கிட்டு நொரை போடுவாரு. அந்த நொரையும் இதுவும் ஒரே வெள்ளையா இருக்கும். தொட்டா திட்டுவாரு.” அத்தைக்கு வெள்ளை, அப்பாவுக்கு மஞ்சள். இரண்டு பேரும் சொல்வது ஒரே பிரஷ்ஷைத்தான்.

முழுக்கத் தேய்த்து வெள்ளையாக்கிவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். வேலை கஷ்டமில்லை. 600, 1000, 2000 என்று போய், கடைசியில் பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும். ஆனால் அப்படித் தேய்த்தால் கட்டைவிரல் பள்ளமும் போய்விடும். அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை மட்டும் தேய்த்தால் அழுக்குத் திட்டு மாதிரி தெரியும். கடைசியில் உடம்பைத் தொடவில்லை. சோப்புத் தண்ணீர், பனியன் துணி, அதோடு சரி. அடி விளிம்பை மட்டும் 2000 வரை கொண்டுபோய் உலோகப் பாலிஷில் துடைத்தேன். கவிழ்த்துப் பார்த்தால் வெள்ளை வளையம், நிமிர்த்தி வைத்தால் தேன் நிறம். பிறகு அத்தையிடம் போனில் சொன்னபோது, “அடியிலயாச்சும் இருக்கட்டும்” என்றார்.

இனி குழி. இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான். கைப்பிடியின் வாயில் பழைய முடியின் அடிக்கட்டை கறுப்பாக, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அந்தக் காலத்தில் முடிக்கொத்தின் அடியை ரப்பரில் பதித்து, கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுக்குவார்கள். தின்னரில் ஊறவைத்தால் இளகாது. கைப்பிடிக்குத்தான் கெடுதல். துளை போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

துளை போடும் முன் வாய் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. எட்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல். டிரில் அதிர்ச்சியில் அது கீழே ஓடினால் கைப்பிடி இரண்டு துண்டு. விரிசலைச் சூடான காற்றில் நன்றாகக் காயவைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டை ஊசி முனையால் தொட்டு வைத்தேன். கோட்டுக்குள் தானாகவே ஓடி இறங்கியது. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் மரவேலை செய்யும் அண்ணனிடம் வைஸும் டிரில்லும் கேட்டு வாங்கினேன். கைப்பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றி, வைஸில் லேசாகப் பிடித்து, முதலில் 6 மில்லி பிட்டில் நடுவில் ஒரு துளை. ரப்பர் சூடாகி எரிந்த கந்தக வாடை வந்தது. நிறுத்தி நிறுத்தித்தான் போட்டேன். பிட்டில் 25 மில்லி உயரத்தில் டேப் ஒட்டி வைத்திருந்ததால் ஆழம் தவறவில்லை. அடுத்து 10 மில்லி. அதுவரை சரியாகப் போனது.

13 மில்லி பிட் போட்டபோதுதான் தவறு நடந்தது. அகலமான பிட் ரப்பரைக் கவ்விக்கொண்டது, டியூபுக்குள் கைப்பிடி சுழன்றது, பிட் மேலேறி விளிம்பில் உரசியது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லு போய்விட்டது. எழுபது வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்த விளிம்பு அது. அன்றைக்கு அதற்குமேல் வேலை செய்யவில்லை, டிரில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. கையில் பிடிக்கும் டிரில்லுக்கு 10 மில்லிக்கு மேல் இந்த வேலையில் இடமில்லை. நடுவில் துளை விழுந்த பிறகு மிச்ச ரப்பரைச் சின்ன உளியாலும் உடைந்த ஆக்சா பிளேடு துண்டாலும் கையாலேயே சுரண்டலாம். இரண்டு மாலை பிடித்தது. ஓரத்தை நெருங்கியதும் பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தொட்டு, உள்சுவர் தெரியும் வரை தேய்த்தேன். கறுப்பு போய் உள்ளே மறுபடியும் அந்த வெள்ளை. வெளிச்சம் படாத இடம் அல்லவா.

சில்லு போன இடத்தை அரால்டைட்டில் நிரப்பவேண்டும், ஆனால் நிறம் பொருந்தவேண்டும். முதலில் மனதில் வந்தது சமையலறை மஞ்சள் தூள். தேன் நிறத்துக்கு அருமையாகப் பொருந்தும். வீட்டில் என் மனைவிதான் தடுத்தாள். “மஞ்சக் கறையில சோப்பு பட்டா என்ன ஆகும்னு தெரியாதா?” செக்கச் சிவந்துவிடும். சோப்பின் காரத்தில் மஞ்சள் குங்குமமாகிவிடுகிறது, நிறமும் வெயிலில் நிற்காது. தினமும் சோப்பு நுரையில் குளிக்கப்போகும் விளிம்புக்கு அதைப் போட்டிருந்தால் அவ்வளவுதான். ஹார்டுவேர் கடையில் சிமெண்ட் தரைக்குப் போடும் மஞ்சள் ஆக்சைடு வாங்கினேன். அது இரும்பு ஆக்சைடு, சோப்புக்கும் வெயிலுக்கும் அசையாது. பல்குச்சி முனையில் எடுத்தது போதும். சுரண்டி எடுத்த வெள்ளைக் கசடைக் காயவைத்து அதில் துளி, ஆக்சைடில் துளி, அரால்டைட்டோடு குழைத்துக் கொஞ்சம் மேடாகவே வைத்தேன். இறுகிய பிறகு 1000 நம்பரில் சமன்படுத்தினேன். தெரிந்தவர் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். விரலில் தட்டுப்படாது.

முடிக்கொத்தில் என் முதல் கணக்கு பிசகியது. ஆன்லைனில் தனி முடிக்கொத்து கிடைக்கிறது, அதற்கு ‘நாட்’ என்று பெயர். பெரிதாக இருந்தால் நுரை நன்றாக வரும் என்று 24 மில்லி வாங்கிவிட்டேன். சுத்தம் செய்த குழியை வெர்னியரில் அளந்தால் 20.6 மில்லி. வாயின் வெளிவிட்டம் 28. குழியை 24-க்கு அகலப்படுத்தினால் சுவர் இரண்டு மில்லிதான் மிஞ்சும், அதிலும் ஒரு விரிசல். கைப்பிடிக்குத் தக்க முடிதானே தவிர, முடிக்குத் தக்க கைப்பிடி இல்லை. 24-ஐ எடுத்து வைத்துவிட்டு 20 மில்லி வரவழைத்தேன். குழியை அளந்துவிட்டு ஆர்டர் போட்டிருந்தால் 400 ரூபாய் மிச்சம்.

எந்த முடி என்பதும் யோசித்து எடுத்ததுதான். பன்றி முடி விறைப்பானது, மழிக்கும் முன் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். பழகப் பழக நுனி பிளந்து மென்மையாகும். பேட்ஜர் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், விலையும் கூடுதல். நான் எடுத்தது செயற்கை இழை. காரணம் விரிசல்தான். இயற்கை முடி தண்ணீர் குடித்து அடியில் உப்பும், நாள்பட்டால் விளிம்பைத் தள்ளும். செயற்கை இழை தண்ணீர் குடிக்காது, சீக்கிரம் காயும். இன்னொரு பிரஷ் செய்தால் பன்றி முடி போட்டுப் பார்ப்பேன், இந்தக் கைப்பிடிக்கு வேண்டாம்.

அடுத்தது உயரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் பிரஷ்ஷின் குணமே இதில்தான் இருக்கிறது. புது முடிக்கொத்து அடியிலிருந்து நுனி வரை 64 மில்லி. குழியின் ஆழம் 25. அப்படியே இறக்கினால் வெளியே 39 மில்லிதான் தெரியும். இறக்கிப் பார்த்தேன். சுவருக்கு வெள்ளையடிக்கும் மட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது, கன்னத்தில் வைத்தால் விரியவே இல்லை. அதே முடி, மேலே தூக்கினால் மென்மையாகும். அதிகம் தூக்கினால் நுனியில் பிடிப்பில்லாமல் நாலா பக்கமும் சரியும். ஐம்பது மில்லி சுற்றுவட்டாரத்தில் எங்கோ சரியான இடம் இருக்கிறது.

குழியின் அடியை எதையாவது வைத்து உயர்த்தவேண்டும். மரவில்லை வைக்கலாம் என்று மரவேலை அண்ணன் சொன்னார். மரமும் ஈரத்தில் உப்பும் என்பதால் விட்டுவிட்டேன். கிருஷ்ணகிரியில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் மீந்துபோன 3 மில்லி அக்ரிலிக் துண்டில் 20 மில்லி வில்லைகள் ஐந்து வெட்டிக் கொடுத்தார்கள். லேசரில் இரண்டு நிமிட வேலை, காசு வாங்கவில்லை. எதற்கு என்று கேட்ட தம்பியிடம் பிரஷ்ஷைக் காட்டினேன். அவரும் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில்தான் வைத்தார்.

இரண்டு வில்லை போட்டு, மூன்று போட்டு, நான்கு போட்டு, ஒட்டாமலேயே கொத்தை இறக்கி, ஈரப்படுத்தி, உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன். இரண்டில் இன்னும் விறைப்பு. நான்கில் முடி சாய்ந்து கீழே படுத்தது. மூன்றில் அழுத்தினால் பூ மாதிரி விரிந்து, எடுத்தால் திரும்பி நின்றது. மூன்று வில்லைகளும் இடையே பசையும் சேர்த்துப் பத்து மில்லி. வெளியே தெரியும் முடி 49 மில்லி. கொத்தின் அடியில் இருக்கும் பசைக்கட்டியும் முழுதாகக் குழிக்குள் மறைந்தது. அது வெளியே தெரிந்தால் பார்க்க அசிங்கம், முடியும் அடியில் ஒடியும்.

ஒட்டும் நாளில் குழியின் உள்சுவர், வில்லைகள், கொத்தின் அடி எல்லாவற்றையும் 400 நம்பரால் சொரசொரப்பாக்கினேன். வழவழப்பான இடத்தில் பசை பிடிக்காது. விளிம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப். முடியை நூலால் கட்டி மேலே ஒதுக்கினேன். அரால்டைட் மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிடத்தில் இறுகுவதை எடுக்கவில்லை, திருத்த நேரம் கிடைக்காது. இரண்டு டியூபிலும் சம அளவு எடுத்து மூன்று நிமிடம் குழைத்தேன். வில்லைகளை ஒவ்வொன்றாக இறக்கி, சுவரில் மெல்லிய பூச்சு, கொத்தின் அடியில் கீழ்ப் பாதிக்கு மட்டும் பூச்சு. மேலே தடவினால் பசை முடிக்குள் ஏறி அடி முழுக்கக் கட்டியாகிவிடும்.

இறக்கி, நேராக நிறுத்தி, கை கழுவி, டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கொத்து இரண்டு மில்லி மேலே எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அடியில் மாட்டிக்கொண்ட காற்று தூக்கிவிட்டது. மெதுவாக இறுகும் பசையாக இருந்ததால் தப்பித்தேன். கொத்தை மெல்லத் திருகித் திருகி அழுத்தினேன். ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது, உடனே கீழே உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு பக்கமும் திருப்பி நேர் பார்த்தேன். முதலிலேயே திருகிக்கொண்டே இறக்கியிருந்தால் இந்தப் பாடு இல்லை. ஒரு நாள் போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது, நான் மூன்று நாள் தொடவில்லை.

முதல் நுரை எனக்குப் பெரிய ஏமாற்றம். தாத்தாவின் கிண்ணத்திலேயே சோப்பைப் போட்டு அடித்தேன். நுரை வரவில்லை, தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திரி திரியாக வந்தது. உயரம் தவறோ, முடி மட்டமோ என்று என்னென்னவோ நினைத்தேன். எங்கள் தெருவில் சலூன் வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பிரஷ்ஷை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, அவர் கடைத் தண்ணீரில் நனைத்து, அதே சோப்பில் அடித்தார். அரை நிமிடத்தில் கெட்டியான நுரை, பிரஷ்ஷைத் தூக்கினால் கொக்கி மாதிரி வளைந்து நின்றது. “பிரஷ்ஷுக்கு ஒண்ணும் இல்ல. எந்தத் தண்ணில போட்டீங்க?”

போர்த் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. எங்கள் மாவட்டத்தில் போர்த் தண்ணீரைப் பற்றி யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஃப்ளோரைடால் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த தலைமுறை இங்கே உண்டு, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நுரையைக் கெடுப்பது ஃப்ளோரைடு இல்லை, அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும், நுரைக்கு சோப்பே மிஞ்சாது. பிரஷ்ஷின் இடுப்பில் வினிகர் போட்டு எடுத்தேனே, அந்த உப்பும் இதே கசடுதான். அண்ணன் கடையில் பிடித்து வைத்திருந்தது ஒகேனக்கல் தண்ணீர்.

வீட்டுக்கு வந்து, குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து மறுபடி அடித்தேன். கிண்ணத்தின் விளிம்பு வரை ஏறியது நுரை. அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக் கன்னத்தில் வட்டமாகச் சுற்றினார். அதற்குப் பிறகு மேலும் கீழுமாக, வெள்ளையடிப்பது மாதிரி. தாத்தா அப்படித்தான் செய்வாராம், முதலில் வட்டம், பிறகு மேலும் கீழும்.

இப்போது ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் மூன்று முடி உதிர்ந்தது, அதன் பிறகு இல்லை. விரிசல் முடியும் இடத்தில் மெல்லிய பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், அதைத் தாண்டவில்லை. மழித்த பிறகு நன்றாக அலசி, உதறி, துண்டில் இரண்டு முறை இழுத்துவிட்டு, காற்றுப் படும் ஜன்னலில் வைக்கிறோம். மூடியுள்ள டப்பாவுக்குள் ஈரத்தோடு போடுவதில்லை. குளியலறையில் போர்த் தண்ணீர் பக்கெட்டுக்குப் பக்கத்தில், ஒகேனக்கல் தண்ணீருக்கென்று ஒரு சின்னச் சொம்பு இருக்கிறது. ராத்திரி அதை நிரப்பி வைப்பது அப்பா.